மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு வலி வருடக்கணக்கில் நீடிக்காமல் தடுக்க முடியுமா?

உங்கள் அக்காவுக்கு 46 வயது, இடது மார்பில் புற்றுநோய், கீமோ முடிந்துவிட்டது, இன்னும் மூன்று வாரத்தில் ஆபரேஷன் என்று எழுதியிருக்கிறீர்கள். மார்போடு சேர்த்து அக்குளில் உள்ள நெறிகட்டிகளையும் எடுக்கப் போகிறார்களாம். பெரம்பூரில் உங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இதே ஆபரேஷன் நடந்து மூன்று வருடமாகியும் கை எரிகிறது, ரவிக்கை போடவே பயமாக இருக்கிறது என்கிறார். ஆபரேஷனுக்கு முன்னால் முதுகில் ஒரு ஊசி போட்டால் அந்த மாதிரி வலியே வராதாமே, கூடப் பணம் கட்டியாவது போட்டுக்கொள்ளலாமா என்பது உங்கள் கேள்வி. அக்காவும் அந்த அம்மா மாதிரி ஆகிவிடக்கூடாது, அதற்கு நம் கையில் என்ன இருக்கிறது என்றுதான் நீங்கள் கேட்பதாக எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் சென்னையில் மயக்க மருத்துவர். புற்றுநோய் ஆபரேஷன்களுக்கு மயக்க மருந்து கொடுப்பதும், வலி சிகிச்சைப் பிரிவில் நோயாளிகளைப் பார்ப்பதும் பல வருடங்களாக என் வேலை. அறுவை சிகிச்சை நிபுணர் அல்ல, அக்காவின் ரிப்போர்ட்டுகளையும் நான் பார்க்கவில்லை. அதனால் எவ்வளவு எடுப்பது, எதை விடுவது என்ற முடிவில் நான் தலையிட முடியாது. வலியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஊசி நல்லதுதான், வசதி இருந்தால் கேளுங்கள். ஆனால் அது ஒன்றே காப்பாற்றிவிடும் என்று நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வரும் முதல் சில வாரங்களில் வீட்டில் நடப்பதும் நடக்காததும்தான் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவதாக நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் பயத்தைக் கொஞ்சம் அளவுக்குக் கொண்டுவருவோம். ஆபரேஷன் முடிந்து 3 மாதத்துக்கு மேலும் வலி தொடர்ந்தால் அதை நாள்பட்ட வலி என்கிறோம். டென்மார்க்கில் நாடு முழுவதும் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களிடம் இரண்டு மூன்று வருடம் கழித்து விசாரித்து 2009-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 47 சதவீதம் பேர் ஏதோ ஒரு வலி இருக்கிறது என்றார்கள். கேட்டால் பகீரென்றுதான் இருக்கும். ஆனால் அப்படிச் சொன்னவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு லேசான வலிதான். கடுமையான வலி என்றவர்கள் அவர்களில் 13 சதவீதம். அதாவது ஆபரேஷன் செய்துகொண்ட நூறு பேரில் சுமார் ஆறு பேர். உங்கள் பக்கத்து வீட்டு அம்மா அந்த ஆறு பேரில் ஒருவராக இருக்கலாம். அக்காவும் அப்படித்தான் ஆவார் என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

யாருக்கு இது வர வாய்ப்பு அதிகம் என்பதில் ஓரளவு தெளிவு இருக்கிறது. அக்குள் நெறிகட்டிகளை முழுவதுமாக எடுத்தவர்கள், ரேடியேஷன் வைத்துக்கொண்டவர்கள், 40 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், ஏற்கெனவே தோளிலோ கழுத்திலோ முதுகிலோ வலி உள்ளவர்கள், ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்களில் கடுமையாக வலித்தவர்கள், ரொம்பப் பயந்து தூக்கம் கெட்டு வந்தவர்கள். வயதை மாற்ற முடியாது, ரேடியேஷன் தேவையென்றால் வைத்துத்தான் ஆக வேண்டும். இந்த வரிசையில் நாம் கைவைக்கக்கூடியவை கடைசி மூன்றும்தான்.

அக்குளில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்றது எளிதாகப் புரியும். இரண்டாவது விலா எலும்புக்குக் கீழே இருந்து ஒரு மெல்லிய நரம்பு புறப்பட்டு, அக்குளைக் குறுக்கே கடந்து, மேல்கையின் உள்பக்கத் தோலுக்குப் போகிறது. நெறிகட்டிகள் இருக்கும் கொழுப்புக்குள்ளேயே அது ஓடுகிறது. நெறிகட்டிகளைச் சுத்தம் செய்யும்போது அந்த நரம்பு இழுபடும், சில சமயம் வெட்டுப்படும், சில சமயம் வேண்டுமென்றே வெட்டித்தான் ஆக வேண்டியிருக்கும். அதனால்தான் பலருக்கு மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போகிறது. மரத்துப்போவது வேறு, வலி வேறு. வெறும் மதமதப்பு மட்டும் என்றால் நாளாக ஆகப் பழகிவிடும். சிலருக்கு அதே இடத்தில் எரிச்சல், சுருக்கென்று கரண்ட் அடிப்பது போன்ற வலி, துணி பட்டாலே கூசுவது என்று ஆரம்பிக்கும். அது நரம்பு வலி. அதற்கு வழக்கமான வலி மாத்திரைகள் அவ்வளவாகக் கேட்காது.

இந்த நரம்பை விட்டுவைத்தால் மரத்துப்போவது குறைகிறது என்பது ஆய்வுகளில் தெளிவாகவே தெரிகிறது. நாள்பட்ட வலியும் அதே அளவுக்குக் குறைகிறதா என்பதில் ஆய்வுகள் ஒன்றுபோலச் சொல்லவில்லை. சர்ஜனிடம், "முடிந்தால் அந்த நரம்பைக் காப்பாற்றப் பார்ப்பீர்களா?" என்று கேட்பதில் தவறே இல்லை. பெரும்பாலானவர்கள் முடிந்தவரை காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். நீலச் சாயமோ லேசான கதிரியக்க மருந்தோ (ஐசோடோப்) செலுத்தி, முதலில் நோய் போய்ச் சேரும் ஒன்றிரண்டு நெறிகட்டிகளை மட்டும் எடுத்துப் பார்க்கும் முறையும் இருக்கிறது. அதில் கைவீக்கமும் வலியும் குறைவு. ஆனால் நம் ஊரில் நிறையப் பேர் கட்டி பெரிதாகி, அக்குளுக்கும் பரவிய பிறகே வருகிறார்கள். அப்போது முழுவதும் எடுக்க வேண்டியிருக்கிறது. கீமோவுக்குப் பிறகு அக்காவுக்கு அக்குள் எப்படி இருக்கிறது, முழுவதும் எடுத்துத்தான் ஆக வேண்டுமா என்று கேளுங்கள். "ஆமாம்" என்று பதில் வந்தால் வலிக்குப் பயந்து பேரம் பேசாதீர்கள். நோயை மிச்சம் வைக்காமல் எடுப்பதுதான் முதல் வேலை.

சரி, அந்த ஊசிக்கு வருவோம். நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் பாராவெர்ட்டிப்ரல் பிளாக். முதுகெலும்பை ஒட்டி நரம்புகள் வெளியே வரும் இடத்தில் அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே மரப்பு மருந்து வைப்போம். ஆபரேஷன் நடக்கும் பக்கத்து மார்பு பல மணி நேரத்துக்கு மரத்திருக்கும். நெஞ்சுத் தசைகளுக்கு இடையே போடும் பெக்ஸ் பிளாக்கும், முதுகுத் தசைக்கு அடியில் போடும் இன்னொரு வகையும் இருக்கின்றன. அன்றைய வலி குறையும், மார்ஃபின் போன்ற மருந்துகளின் தேவை குறையும், வாந்தியும் குறையும். இவை நிச்சயம். இதற்காகவே நான் இந்த ஊசியை விரும்பிப் போடுகிறேன்.

நாள்பட்ட வலியைத் தடுக்குமா என்பதில்தான் சிக்கல். பல சிறிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-இல் வந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அமைப்பு) தொகுப்பு, 7 பேருக்கு இந்த மாதிரி ஊசி போட்டால் ஒருவருக்கு நீண்ட வலியைத் தவிர்க்கலாம் என்றது. அடுத்த வருடமே, 2019-இல், 2,100-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துப் பல நாடுகளில் நடத்திய பெரிய ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு இந்த ஊசியோடு ஆபரேஷன், இன்னொரு பாதிப் பேருக்கு வழக்கமான முழு மயக்கம். ஆறு மாதத்தில் இரண்டு குழுவிலும் 52 சதவீதம் பேருக்குத் தையல் போட்ட இடத்தில் வலி இருந்தது. ஒரு வருடத்தில் 28, 27 சதவீதம். வித்தியாசமே இல்லை. புற்றுநோய் திரும்ப வருவதிலும் வித்தியாசம் இல்லை. இந்த ஊசி போட்டால் கேன்சர் திரும்பி வராது என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம். என்னைக் கேட்டால், பெரிய ஆய்வின் பேச்சுக்குத்தான் எடை அதிகம். ஆகவே அக்காவின் மயக்க மருத்துவருக்கு இந்த ஊசியில் பழக்கம் இருந்தால் போடச் சொல்லுங்கள், முதல் நாள் நிம்மதியாக இருக்கும். அதற்காக நகையை அடகு வைக்க வேண்டாம், ஆஸ்பத்திரியை மாற்றவும் வேண்டாம். ஆபரேஷனுக்கு முன்னால் கொடுக்கும் காபாபென்டின், ப்ரீகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரைகளைப் பற்றியும் சிலர் சொல்வார்கள். அவை முதல் நாள் வலியைச் சற்றே குறைக்கும், தலைசுற்றலையும் தூக்கக் கலக்கத்தையும் கொடுக்கும். நீண்ட வலியைத் தடுப்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை.

எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்வது அடுத்து வரும் விஷயத்தில்தான். நம் ஊர்ப் பெண்கள் வலியைச் சொல்வதில்லை. ஆபரேஷன் முடிந்த மறுநாள் வார்டில் போய், "வலி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டால், "பரவாயில்லைங்க டாக்டர்" என்பார்கள். "ஒரு தடவை இருமிக் காட்டுங்க" என்பேன். கை தானாகப் போய் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும், கண்ணில் நீர் முட்டும், இருமல் மட்டும் வராது. "கையைத் தோள் வரைக்கும் தூக்குங்க" என்றால் பாதியில் நின்றுவிடும். அசையாமல் படுத்திருக்கும்போது வலிக்கவில்லை என்பது ஒரு பொருட்டே இல்லை. மூச்சை இழுத்துவிட, இரும, கையைத் தூக்க முடிகிறதா என்பதுதான் கணக்கு. முதல் நாட்களில் கடுமையாக வலித்தவர்களுக்கே நீண்ட வலி அதிகம் வருகிறது. அந்த வலியைக் குறைத்தால் நீண்ட வலியும் குறையுமா என்பதை ஆய்வுகள் முழுதாக நிரூபித்துவிடவில்லை. ஆனால் வலித்தால் கையை அசைக்க மாட்டார்கள், அசைக்காவிட்டால் தோள் இறுகும், இறுகிய தோள் மேலும் வலிக்கும். இந்தச் சுழலை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

அதனால் நீங்கள் கூட இருக்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். பாரசிட்டமால் மாதிரி எழுதிக் கொடுத்த மாத்திரைகளை, வலித்தால் மட்டும் என்று இல்லாமல், மருத்துவர் சொன்ன நேரத்துக்கு, சொன்ன நாள் வரைக்கும் கொடுங்கள். வலி எகிறிய பிறகு மாத்திரை போட்டு அதைத் துரத்திப் பிடிப்பது கஷ்டம். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எத்தனை என்று, கையைத் தூக்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். நாலைத் தாண்டினால் நர்ஸிடம் சொல்லுங்கள். அக்கா சொல்ல மாட்டார், நீங்கள் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு டிரமடாலோ மார்ஃபினோ போன்ற வலுவான வலி மருந்து கொடுத்தால் அடிமையாகிவிடுவாரோ, மார்ஃபின் என்றால் கடைசிக் கட்டமோ என்றெல்லாம் பயப்பட வேண்டாம். ஆனால் சர்க்கரை, கிட்னி பிரச்சினை, அல்சர் இருந்தால் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, கையை அசைப்பது. "கையைத் தூக்காதே, தையல் பிரிஞ்சிடும், நீர் கோத்துக்கும்" என்று பார்க்க வருகிற ஒவ்வொருவரும் சொல்வார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், ஆனால் இது தவறு. ஆபரேஷன் மறுநாளிலிருந்தே விரல், மணிக்கட்டு, முழங்கை எல்லாம் அசைக்கலாம். தலை வாரலாம், முகம் கழுவலாம், டம்ளரைத் தூக்கிக் குடிக்கலாம். உள்ளே ஊறும் நீரை வெளியேற்றும் டிரெயின் குழாய் இருக்கும் முதல் வாரத்தில் மட்டும் கையைத் தோள் உயரத்துக்கு மேலே கொண்டுபோக வேண்டாம் என்பது வழக்கம், உள்ளே நீர் சேருவது அதனால் குறையும். குழாயை எடுத்த பிறகு, சர்ஜன் சரி என்றதும், சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மெல்ல மேலே ஏறுவது, படுத்துக்கொண்டு இரண்டு கையையும் கோத்துத் தலைக்கு மேல் கொண்டுபோவது என்று கூட்டிக்கொண்டே போகலாம். லேசாக இழுப்பது சரி. மறுநாளும் நீடிக்கும் அளவுக்கு வலித்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பிரிட்டனில் தோள் பிரச்சினை வர அதிக வாய்ப்புள்ள 392 பெண்களை வைத்து ஒரு ஆய்வு நடத்தி 2021-இல் வெளியிட்டார்கள். ஆபரேஷன் முடிந்த 7 முதல் 10 நாளுக்குள் பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் பயிற்சியைத் தொடங்கியவர்களுக்கு, ஒரு வருடம் கழித்துக் கை நன்றாக வேலை செய்தது, வலியும் குறைவாக இருந்தது. கைவீக்கம் கூடவில்லை. இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. 1996-இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற மருத்துவர், இந்த நோய்க்குச் சிகிச்சை பெற்ற 24 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துத் துடுப்புப் படகு ஓட்டவைத்தார். கை வீங்கிவிடும் என்று எல்லோரும் பயந்த காலம் அது. யாருக்கும் வீங்கவில்லை. அக்கா படகு ஓட்ட வேண்டாம், கொடியில் துணி காயப்போடுகிற அளவுக்கும் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கிற அளவுக்கும் கை வந்துவிட்டால் போதும். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் எல்லாம் பிசியோதெரபிஸ்ட் சொன்ன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ரேடியேஷனுக்கும் இது அவசியம். கரண்ட் வைக்கும்போது கையைத் தலைக்கு மேலே தூக்கி அசையாமல் படுத்திருக்க வேண்டும். தோள் இறுகிப்போய் வருபவர்களுக்கு அதுவே ஒரு தண்டனை. ரேடியேஷன் நடக்கும் வாரங்களிலும், முடிந்த பிறகு சில மாதங்களுக்கும் பயிற்சியை விடக்கூடாது, தசை மறுபடி இறுகும்.

இந்த வாரங்களில் சிலருக்குக் கையைத் தூக்கும்போது அக்குளிலிருந்து முழங்கை உள்பக்கம் வரைக்கும், சில சமயம் மணிக்கட்டு வரைக்கும், தோலுக்கு அடியில் கயிறு மாதிரி ஒன்று விறைத்து நிற்கும். வீணைத் தந்தி மாதிரி கண்ணுக்கே தெரியும், தொட்டால் சுள்ளென்று இழுக்கும். நோய் கைக்கு இறங்கிவிட்டது என்று நினைத்துக் குடும்பமே அழுதுகொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். இது நோய் அல்ல. நிணநீர்க் குழாய்கள் தடித்து இறுகுவதால் வருவது என்று கருதுகிறோம். மெதுவாக இழுத்துவிடும் பயிற்சியிலேயே பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். இதைப் பார்த்துப் பயந்து கையை மடக்கிவைத்துக்கொள்வதுதான் கெடுதல்.

உடையிலும் கவனம் வேண்டும். நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் இறுக்கமான ரவிக்கைக் கை அக்குளில் உரசிக்கொண்டே இருந்தால், கூச்சமெடுத்த நரம்பு அடங்கவே அடங்காது. முதல் சில மாதங்களுக்கு முன்பக்கம் திறக்கும் நைட்டி, தளர்வான பருத்திச் சட்டை போதும். தையல் ஆறிய பிறகு தழும்பையும் சுற்றியுள்ள தோலையும் மெல்லிய துணியால் தினமும் தடவிப் பழக்கலாம். தொடவே பயந்து ஒதுக்கிவைத்தால் அந்த இடம் மேலும் கூசும்.

ஆபரேஷனுக்கு முன்னால் இருக்கும் மூன்று வாரத்தையும் வீணாக்காதீர்கள். அக்காவுக்கு ஏற்கெனவே தோள் வலி இருக்கிறதா, கை முழுவதும் மேலே போகிறதா என்று இன்றே பாருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுக்கம் சாதாரணமாகவே அதிகம். இருந்தால் இப்போதே பிசியோதெரபியைத் தொடங்குங்கள், மயக்க மருத்துவரிடமும் மறக்காமல் சொல்லுங்கள். இரவில் தூக்கம் வராமல், எந்நேரமும் பயத்திலேயே இருக்கிறார் என்றால், புற்றுநோய் மையங்களில் இருக்கும் ஆலோசகரிடம் ஒருமுறை கூட்டிப்போங்கள். பயம் வலியைப் பெரிதாக்கும் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். பக்கத்து வீட்டு அம்மாவின் கதையை அக்கா முன்னால் திரும்பத் திரும்பப் பேசுவதையும் நிறுத்துங்கள்.

எல்லாம் செய்தும் வலி வந்தால்? ஆறு வாரம் கழித்தும் எரிச்சல், கரண்ட் அடிப்பது, துணி பட்டால் கூசுவது என்று இருந்தால், "ஆபரேஷன் பண்ணினா அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். வலி சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். அமிட்ரிப்டிலின், டுலாக்செடின், காபாபென்டின் போன்றவை நரம்பு வலிக்கு வேலை செய்கின்றன. இவற்றில் எதையும் நீங்களாக வாங்காதீர்கள். குறிப்பாக, அக்கா பின்னால் டாமாக்சிஃபென் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை சாப்பிட நேர்ந்தால், டுலாக்செடின் அந்த மருந்தின் வேலையைக் குறைக்கக்கூடும். வலிக்கு மருந்து எழுதுபவரிடம் டாமாக்சிஃபென் சாப்பிடுவதைச் சொல்லியே ஆக வேண்டும். அப்புறம், எல்லா வலியும் ஆபரேஷனால் வருவதில்லை. பாக்ளிடாக்செல் கீமோ விரல் நுனிகளிலும் பாதத்திலும் மதமதப்பையும் எரிச்சலையும் கொடுக்கும். லெட்ரோசோல் மாதிரி ஹார்மோன் சிகிச்சை மாத்திரைகள் காலையில் மூட்டுகளை இறுக்கும். எது எதனால் என்று பிரித்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும். தையல் சிவந்து காய்ச்சல் வந்தாலோ, கை திடீரென்று வீங்கினாலோ அன்றே காட்டுங்கள். நன்றாக இருந்தவருக்கு மாதங்கள் கழித்துப் புதிதாக ஒரு வலி தொடங்கி நாளுக்கு நாள் கூடினாலோ, முதுகெலும்பு இரவில் வலித்தாலோ, அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் புற்றுநோய் மருத்துவரிடம் போங்கள்.

பக்கத்து வீட்டு அம்மாவையும் விட்டுவிடாதீர்கள். மூன்று வருடம் ஆகிவிட்டதே என்று கைவிட வேண்டிய நிலை இல்லை. புதிதாக எதுவும் இல்லை என்று முதலில் ஆபரேஷன் செய்த இடத்தில் உறுதி செய்துகொண்டு, பிறகு வலி சிகிச்சைப் பிரிவில் காட்டச் சொல்லுங்கள். தோள் இறுக்கம் பாதி, நரம்பு வலி பாதி என்று இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும், முழுவதும் போகாவிட்டாலும் குறைக்க முடியும். சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபி இலவசம். வெளியே வர முடியாதவர் என்றால் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். போகும்போது பழைய ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரியையும், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.